எபி கட்டின படுக்கை

நான் இறங்க வேண்டிய இடம் எனக்கே சரியாத் தெரியாது தங்கச்சி. பாபநாசத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ரோட்டோரமா ஒரு கிரவுண்டு இருக்கும், சுத்தி வேப்பமரமா நிக்கும், அங்கதான் ஸ்கவுட்டுப் பிள்ளைங்க கூடாரம் போட்டிருப்பாங்கன்னு எங்க வீட்டுக்காரங்க சொன்னாங்க. ஏறும்போதே கண்டக்டர் தம்பிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். டிரைவர் அண்ணாச்சிகிட்டயும் சொன்னேன். எதுக்குப் போறீங்கன்னு கேட்டாங்க, விவரத்தைச் சொன்னேன். நல்ல மனுசங்க, சிரிக்கல.

நீங்க கோயிலுக்கா? தேங்கா பழமெல்லாம் வச்சிருக்கீங்களே. நல்லது. நாங்க வேதக்காரங்க. ஆனாலும் சாமிகிட்டப் போறவங்க பக்கத்துல உக்காந்தா ஒரு ஆறுதலாத்தான் இருக்கு.

எனக்கு மனசு சரியில்ல. காலையில என் பிள்ளைக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன். துரோகம்னா பெரிய வார்த்தைதான். ஆனா வேற என்னன்னு சொல்ல?

எபனேசர்னு பேரு. எபி, எபின்னு கூப்பிடுவோம். கடைசிப் பிள்ளை. மூத்தவன் ஓசூர்ல வேலையா இருக்கான். பொண்ணை நாகர்கோவில்ல கட்டிக் கொடுத்தாச்சு. அவங்க ரெண்டு பேரும் தலைக்கு மேல வளந்து நிக்கையில பிறந்தவன் இவன். வீட்டுல சமைஞ்ச பொண்ணு இருக்கா, நான் வயித்தைத் தள்ளிக்கிட்டு சர்ச்சுக்குப் போறேன். வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா கேக்காமலே ஆண்டவர் கொடுத்த பிள்ளை இல்லியா, கொஞ்சம் கூடுதலாத்தான் பாத்துக்கிட்டேன். இப்ப ஏழாங்கிளாஸ். இன்னும் நான்தான் தலை துவட்டி விடுதேன். அவன் வேண்டாம்பான். நான் விடமாட்டேன்.

அவனுக்கு ஒரு குறை உண்டு. உங்ககிட்டச் சொல்றதுல என்ன, நீங்களும் பிள்ளை பெத்தவங்கதானே. தூக்கத்துல படுக்கையை நனைச்சிருவான். தினமும் இல்ல. பரீட்சை வந்தா, புது இடம்னா, யாராவது ஏசினா. டாக்டர்கிட்டக் காட்டினோம். வளர வளர நின்னுரும், இதைப் பெருசுபடுத்தாதீங்கன்னு சொல்லிட்டாரு. நானும் பெருசுபடுத்தல. சங்கத்துல மட்டும் ஜெபத்துக்குச் சொன்னேன்.

சங்கம்னா எங்க சர்ச்சுல பொம்பளைங்களாக் கூடி ஜெபம் பண்ணுவோம். ஒவ்வொருத்தரும் வீட்டு பாரத்தைச் சொல்லுவாங்க. மகனுக்கு வேலை அமையணும், மருமக மனசு மாறணும், இப்படி. நான் எபிக்காகச் சொன்னேன். மகனுக்காக ஜெபிச்சுக்கிடுங்கன்னு மொட்டையாச் சொல்ல முடியுமா? ஜெபிக்கிறவங்களுக்கு விவரம் தெரியணும்ல. அன்னைக்குத் தங்கபுஷ்பம் டீச்சர்தான் ஜெபம் பண்ணினாங்க. உருகி உருகிப் பண்ணுவாங்க. "ஆண்டவரே, எபனேசருடைய படுக்கையை உலர்ந்த படுக்கையாக மாற்றும்"னு கையை விரிச்சுக் கேட்டாங்க பாருங்க, அத்தனை பேரும் ஆமென் சொன்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.

அதுக்கப்புறம் ஏனோ அவன் ஞாயித்துக்கிழமை கிளாசுக்கு வரமாட்டேன்னுட்டான். அந்த வயசுல அப்படித்தான் இருப்பாங்கன்னு விட்டுட்டேன். தங்கபுஷ்பம் டீச்சர் மகன் ரூபனும் இவனும் ஸ்கூல்லயும் ஒரே கிளாசு. ஒண்ணா விளையாடிக்கிட்டு இருந்ததுங்க, இப்ப பேச்சு இல்ல. கிளாசுல பையங்க இவனைக் குத்தாலம் குத்தாலம்னு கூப்பிடுதாங்களாம். போன சீசனுக்கு அருவியில குளிக்கக் குத்தாலம் கூட்டிக்கிட்டுப் போனோம். போயிட்டு வந்து பெருமையடிச்சிருப்பான், அதான் அப்படிக் கூப்பிடுதாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். எபி அப்பாகிட்டச் சொன்னேன். அவங்க கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். என்னைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. பாத்துட்டு ஏணியைத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போயிட்டாங்க.

ஸ்கவுட்டுல சேந்தப்புறம்தான் முகத்துல கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சு. சும்மா கயித்தை வச்சு முடிச்சுப் போட்டுக்கிட்டே இருப்பான். நாற்காலிக் காலு, ஜன்னல் கம்பி, என் தையல் மிஷின், ஒண்ணு விடமாட்டான். நான் அவுக்கப் பாப்பேன், வராது. அவன் வந்து ஒரு முனையை இழுத்தா பொசுக்குன்னு வந்துரும்.

இந்தக் கேம்புக்கு முன்னாடி ஆல்பர்ட் சார் பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசினாரு. அவருதான் ஸ்கவுட்டு மாஸ்டர். பையைப் பிள்ளைங்கதான் அடுக்கணும், படுக்கையைப் பிள்ளைங்கதான் கட்டணும், அம்மாமாருங்க கை வைக்கக் கூடாதுன்னாரு. "நீங்க அடுக்கினா எது எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். அங்க மழை வந்து லைட்டும் போச்சுன்னா உங்களையா கூப்பிட முடியும்?"னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சோம். நான்தான் ரொம்பச் சிரிச்சேன். இன்னொண்ணும் சொன்னாரு. சாமான் ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதியிருக்கணும், இல்லன்னா மாறிப் போயிரும்னு. அப்புறம், கேம்பு முடியிற வரைக்கும் யாரும் பாக்க வரக்கூடாதுன்னு.

ஆமா தங்கச்சி. வரக்கூடாதுன்னுதான் சொன்னாரு.

எபி எப்படி அடுக்கினான்னு நினைக்கீங்க. சட்டையெல்லாம் மடிக்காம பாய் மாதிரி சுருட்டி வரிசையா நிறுத்தினான். தட்டுக்குள்ள டம்ளரு, டம்ளருக்குள்ள சோப்பு டப்பா. ஊசி நூலைத் தீப்பெட்டிக்குள்ள வச்சு அதைக் கழுத்துத் துணிக்குள்ள வச்சான். நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். உள்ள வந்தா, எம்மா நீ போயேன்பான். ஒருநாள் பாக்கேன், அவங்க அப்பா துண்டால கண்ணைக் கட்டிக்கிட்டு, தரையில படுக்கையை விரிச்சு அதுல படுத்துக்கிட்டு, தலைமாட்டுல கையை விட்டுத் தடவிக்கிட்டிருக்கான். என்னல, தனியாக் கண்ணாமூச்சி விளையாடுதன்னு கேட்டுச் சிரிச்சேன். அவன் சிரிக்கல. துண்டை அவுத்துக் கொடியில போட்டுட்டு வெளியே போயிட்டான்.

இன்னைக்குக் காலையில அவன் குளிக்கப் போயிருந்தான். பையும் படுக்கையும் கட்டிலு மேல ரெடியா இருந்துச்சு. எனக்குக் கை நிக்கல. ஜெபம் பண்ணிட்டுத்தான் தொட்டேன், சும்மா தொடல.

படுக்கையை அவுத்தேன். முனை எதுன்னு கண்டுபிடிக்கவே பாடாப் போச்சு. உள்ள பாத்தா, அடியில ஒரு ஃப்ளெக்ஸ் தாளு. யாரோ கல்யாணத்துக்கு அடிச்சது. மாப்பிள்ளை கூலிங்கிளாஸ் போட்டு நிக்கான், பொண்ணுக்குப் பாதி மூஞ்சிதான் இருக்கு, வெட்டினதுல மீதி போச்சு. கம்பத்துல கட்டுற ஃப்ளெக்ஸை எல்லாம் எபி அப்பாதான் அவுத்துப் போடுவாங்க, அதுல ஒண்ணு. மழையிலயும் வெயில்லயும் கிடந்தது. இதும் மேலயா என் பிள்ளை படுக்கணும்னு எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அதை உருவிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, வீட்டுல அவனுக்கு விரிக்கிற ரப்பர் ஷீட்டை எடுத்தேன். ஆஸ்பத்திரியில போடுவாங்கல்ல, மெரூன் கலர்ல, அதேதான். கழுவிக் காய வச்சு பவுடர் போட்டு வச்சிருந்தேன். பூ மாதிரி இருக்கும். அதை உள்ள வச்சேன்.

சார் சொன்னாருல்ல, எல்லாத்திலயும் பேர் எழுதணும்னு. மார்க்கர் பேனாவை எடுத்து எபனேசர், ஏழாம் வகுப்புன்னு எழுதினேன். சின்னதா எழுதினா ரப்பர்ல பதிய மாட்டேங்குது. அதனால பெருசா எழுதினேன்.

தலைமாட்டு மடிப்புல ஒரு அரை டிராயர் சுருட்டிக் கிடந்துச்சு. மறந்து விட்டிருக்கான்னு நினைச்சேன். மோந்து பாத்தேன், துவைச்சதுதான். அதை அயர்ன் பண்ணி, பைக்கு அடியில நல்ல உடுப்போட வச்சேன். கயித்தை எடுத்துக் கட்டினேன். அவன் போட்ட முடிச்சு எனக்கு வருமா? துணி மூட்டைக்குப் போடுற மாதிரி ரெண்டு சுத்துச் சுத்தி இறுக்கிட்டேன்.

ஸ்கூல் வாசல்ல பஸ் நின்னுச்சு. படுக்கையைத் தூக்கினவன் முடிச்சுல கை வச்சு அப்படியே நின்னுட்டான்.

"எம்மா, தெறந்தியா?"

"இல்லப்பா. லூசா இருந்துச்சு, இறுக்கிக் கட்டினேன்."

ஜெபம் பண்ணின வாயால சொன்னேன் தங்கச்சி. அவன் என் மூஞ்சியைப் பாத்தான். ரூபன் பக்கத்துல நிக்கான், பின்னால பிள்ளைங்க வரிசையா நிக்கிதுங்க, அங்க வச்சு அவுத்துப் பாக்க முடியுமா? ஏறிட்டான். எல்லாப் பிள்ளையும் கையை ஆட்டுச்சு. இவன் மடியில படுக்கையை வச்சுக்கிட்டு முடிச்சையே பாத்துக்கிட்டிருந்தான். கோபம் போலன்னு நினைச்சேன். கோபம்னாக்கூடப் பரவாயில்லைன்னு இப்பத் தோணுது.

மத்தியானம் எபி அப்பா சாப்பிட வந்தாங்க. உக்காரக் கட்டிலுக்கு அடியில பலகையை எடுக்கப் போய் அந்த ஃப்ளெக்ஸைப் பாத்துட்டாங்க.

"கனி, இது ஏன் இங்க கிடக்கு?"

நான் பெருமையாத்தான் சொன்னேன். எடுத்துப் போட்டுட்டு ரப்பர் ஷீட்டு வச்சு விட்டிருக்கேன்னு. அவங்க சோத்துல கை வச்சவங்க கையை எடுத்துட்டாங்க.

அப்புறம்தான் சொன்னாங்க. கேம்புக்கு வர்ற பையங்க முக்கால்வாசிப் பேரும் அடியில விரிக்க ஃப்ளெக்ஸ்தான் கொண்டு வருவாங்களாம். அதுல தண்ணி நிக்காது. ராத்திரி நனைஞ்சாலும் ஒரு துணியால தொடச்சுட்டுத் திருப்பிப் போட்டுக்கிடலாம், காலையில யாருக்கும் தெரியாது. டார்ச்சு அடிச்சா மத்தவங்க முழிச்சிருவாங்கன்னு, காஞ்ச டிராயரைத் தலைமாட்டுல இருட்டுல கைக்கு அகப்படுற மாதிரி அவனே வச்சிருக்கான். அதுக்குத்தான் கண்ணைக் கட்டிக்கிட்டுப் பழகியிருக்கான். எல்லாத்தையும் அப்பாவும் மகனுமாப் பேசி வச்சிருக்காங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"ன்னு கேட்டேன்.

"உங்கிட்டச் சொன்னா சங்கத்துல ஜெபமாப் போயிரும்னான்."

நீங்களே சொல்லுங்க தங்கச்சி. ஜெபத்துக்குச் சொல்றது வெளியில சொல்றதாகுமா? அது ஆண்டவர்கிட்டச் சொல்றதில்லியா? நடுவுல நாலு பேர் காதுல விழுந்தா அதுக்கு நான் என்ன செய்ய?

நான் பேர் எழுதினதைச் சொல்லல. அவங்களாத்தான் கேட்டாங்க, அதுலயும் பேர் எழுதினியான்னு. ஆமான்னேன். அவங்க ஒண்ணும் ஏசல. கையைக் கழுவிட்டு எழுந்திரிச்சாங்க. "பொழுது சாய முன்ன படுக்கையை விரிக்கச் சொல்லுவாங்க. ரூபனும் அதே கூடாரந்தான்"னு மட்டும் சொன்னாங்க. அவங்களால வர முடியாது, எங்கயோ லைன் அறுந்து கிடக்குன்னு போன் வந்துக்கிட்டே இருந்துச்சு.

அப்படியே கிளம்பிட்டேன். இந்தப் பையில அந்த ஃப்ளெக்ஸுதான் இருக்கு. துடைச்சு, அவன் சுருட்டின மாதிரியே சுருட்டி, உள்ள ஒரு டிராயர் வச்சிருக்கேன். முறுக்கும் கொஞ்சம் வச்சிருக்கேன். சாருக்குப் போன் பண்ணலாமேன்னு கேக்கீங்க. பண்ணினேன், மூணு நாலு தடவ. அங்க மலையடிவாரத்துல டவர் எடுக்காதாம்.

சேரன்மாதேவி வரைக்கும் சீக்கிரம் போகணும் சீக்கிரம் போகணும்னே ஜெபிச்சுக்கிட்டு வந்தேன். அதுக்கப்புறம்தான் ஒரு நினைப்பு வந்துச்சு. நான் போய் அங்க நின்னா என்ன சொல்லுவேன்? ஒரு பிள்ளைக்கும் அம்மா வரல, எபிக்கு மட்டும் அம்மா ஏன் வந்தாங்கன்னு கேப்பாங்கல்ல? சார் கூப்பிட்டு என்ன விசயம்மான்னு கேட்டா, நான் காரணத்தைச் சொல்லணுமே. எனக்குப் பொய் சொல்ல வராது. காலையில சொன்னதைத் தவிர.

போகாம இருந்தா அந்த ரப்பர் ஷீட்டு. போனா நான்.

அம்பாசமுத்திரம் தாண்டியாச்சா? அப்ப பக்கத்துல வந்துட்டோம். ஒரு உதவி கேக்கட்டுமா தங்கச்சி? கோயில்ல அர்ச்சனை பண்ணுவீங்கல்ல, அவன் பேருக்கும் ஒண்ணு சொல்லுங்க. எபனேசர். நட்சத்திரமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஐயர்கிட்ட விவரத்தைச் சொல்லுங்க, என்ன குறைன்னு தெரிஞ்சாத்தானே அவரும் மனசு வச்சுக் கேப்பாரு. மெதுவாச் சொல்லுங்க, பக்கத்துல நிக்கிறவங்களுக்குக் கேக்காம.

என்ன தம்பி? வந்துட்டா? இதுதானா?

ஆமா, வேப்பமரம் நிக்கி. கூடாரமும் தெரியுது. கொஞ்சம் பொறுங்க தம்பி, பையை எடுத்துக்கிடுதேன்.

ஏன் தங்கச்சி, முன் சீட்டுல இருக்கவங்க எல்லாம் திரும்பிப் பாக்காங்க? அந்தப் பெரியவர் எந்திரிச்சு நின்னு பாக்காரு. அந்தக் காலேஜ் பொண்ணுங்க ஜன்னல்ல தலையை நீட்டுதுங்களே. என்ன கேக்கா அந்தப் பொண்ணு? எந்தப் பையன்னா கேக்கா?

நான் அவ்வளவு சத்தமாவா பேசிக்கிட்டு வந்தேன்?

இல்லம்மா. என் பையன் இதுல இல்ல. இது வேற கேம்பு போல. நீங்க உக்காருங்க பாட்டையா, ஒண்ணுமில்ல. உக்காருங்க.

தங்கச்சி, கொஞ்சம் அந்தப் பக்கம் சாஞ்சுக்கிடுங்க, நான் பாக்கட்டும். தூறல் விழுந்திருக்கு போல, மண்ணெல்லாம் ஈரமா இருக்கு. அடுப்பு மூட்டுதாங்க. அங்க அடுக்கி வச்சிருக்க விறகு மேல பாருங்க. மூடியிருக்காங்களே, அது என்ன? மெரூனா? நாலு மூலையிலயும் கயிறு போட்டுக் கட்டியிருக்கு. ஏசப்பா. என் எழுத்து இங்க வரைக்கும் தெரியுதே. ஏழாம் வகுப்பு.

யாரும் அதைப் பாத்துச் சிரிக்கல. சிரிக்காங்களா? உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல, பாத்துச் சொல்லுங்க. ரூபன் அதை நீவி விட்டுக்கிட்டுப் போறான். விறகு நனையாம இருக்க அம்மா கொடுத்து விட்டாங்கன்னு எபி சொல்லியிருப்பானோ? விரிக்கச் சொல்ற வரைக்கும் காத்திருக்காம முதல்லயே போய்ப் பிரிச்சிருக்கான். என் முடிச்சைப் பாத்துட்டு உள்ள என்னமோ இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்.

தம்பி, நான் இறங்கல. இல்ல தம்பி, இறங்கல. அந்தப் பால் கேன் வச்சிருக்கவரு இங்கதானே இறங்குதாரு? அண்ணாச்சி, கேம்புக்கா பால் கொண்டு போறீங்க? இதைக் கொஞ்சம் அங்க இருக்க சார்கிட்டக் கொடுத்துருங்க. ஒரு பையன் விட்டுட்டுப் போன விரிப்பு, பஸ்ஸுல கொடுத்து விட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க. மூலையில பேர் இருக்கு, அவனே எழுதினது. நில்லுங்க, நில்லுங்க. முறுக்கை எடுத்துக்கிடுதேன். முறுக்கு இருந்தா யாரு கொடுத்து விட்டான்னு தெரிஞ்சிரும்.

வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான் வந்திருப்பீங்க. சொல்ல வேண்டாம்.

கண்டக்டர் தம்பி, ஒரு நிமிசம் பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. நான் கீழ குனிஞ்சுக்கிடுதேன் தங்கச்சி. அவன் என்னைப் பாக்கக் கூடாது. நீங்க பாருங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன், அந்தக் கொடிக் கம்பத்துப் பக்கத்துல ஒல்லியா, கழுத்துத் துணியைத் தலையில கட்டிக்கிட்டு நிக்கான்ல, அவன்தான். சார் கூப்பிடுதாரா? கொடுத்துட்டாங்களா? வாங்கிட்டானா?

பிரிச்சுப் பாக்கலியே? அக்குள்ள வச்சுக்கிட்டானா. நல்லது. அப்படியே வச்சுக்கிடட்டும். கூடாரத்துக்குப் போறானா?

பஸ் நகருது பாருங்க. கண்டக்டர் தம்பி, அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் ஒரு டிக்கெட்டுக் கொடுங்க, அங்க இறங்கித் திரும்பிப் போறேன்.

இப்ப என்ன பண்ணுதான்? இந்தப் பக்கம் பாக்கானா?

பாக்கலியா. நல்லதுதான். பாத்தா சங்கடம். பாக்காம இருக்கதுதான் நல்லது.

நல்லாப் பாத்தீங்களா தங்கச்சி? ஒரு தடவகூடத் திரும்பலியா?